ஏழாவது ஷரத்து

ஜூன் 3, செவ்வாய்

தொழில் தொடங்கியவர்கள் தினமும் டைரி எழுத வேண்டுமாம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒன்பதாவது மாடிக் கண்ணாடி அறையில் வைத்து நிவேதன் சொன்னார். புது நிறுவனங்களில் பணம் போடுகிறவர்களின் பிரதிநிதி அவர். சாக்ஸ் இல்லாமல் ஷூ போட்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் நிறுவனத்தைப் பற்றிப் பேச இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். பதினைந்து நிமிடம் என் அழுகையைப் பற்றியே போயிற்று.

தில்லைநாயகி என்றால் என்னை யாருக்கும் தெரியாது. பேபி டிம்பிள் என்றால் தெரியும். ஆறு வயதில், ஒரு படத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கண்ணத் தொற. நான் இனிமே அடம் பிடிக்க மாட்டேன்" என்று கதறிய குழந்தை நான்தான். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ்நாடு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்கிறது. கல்யாண வீட்டில் கேட்பார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் கேட்டார்கள். பல் பிடுங்கிய டாக்டர், மரத்துப்போன வாயோடு சொல்லிக் காட்டச் சொன்னார்.

இன்றும் கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டார்.

மொட்டு டேலண்ட்ஸ் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் குழந்தைகளை அனுப்புகிறது. கூடவே ஒரு டீச்சரை அனுப்புகிறது. ஐந்து மணி நேரம்தான் வேலை, மதியம் தூக்கம் கட்டாயம், அரசு அனுமதிக்கு அலைவது எங்கள் பொறுப்பு. எங்கள் ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து ஒன்று உண்டு: குழந்தையை அழவைக்க அடிப்பதோ, பயமுறுத்துவதோ, பொய் சொல்வதோ கூடாது, மீறினால் அந்தக் காட்சியைப் படத்தில் சேர்க்கக் கூடாது.

நிவேதனுக்கு ஏழாவது ஷரத்து மிகவும் பிடித்திருந்தது. அதற்கு நல்ல கதை மதிப்பு இருக்கிறதாம். ஆனால் ஒரு பெரிய டைரக்டர் வேண்டும். அவரைப் பிடித்துக்கொண்டு வந்தால் முதலீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து.

ஜூன் 5, வியாழன்

ஐந்து மணிக்கு எழுந்தேன். அம்மா அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. தண்ணீர் கேன் வரவில்லை. அம்மா ஷோகேஸில் இருக்கும் என் ஷீல்டுகளை எல்லாம் இறக்கித் துடைத்தாள். வீட்டில் அந்த ஷீல்டுகளுக்குத்தான் வயது ஏறுவதில்லை.

ஜூன் 9, திங்கள்

ஜெயசீலன் சார் அலுவலகத்திலிருந்து போன். புதுப் படத்துக்கு ஏழு வயதுப் பெண் வேண்டும். "நம்ம டிம்பிள் கம்பெனியிலயே எடுங்கப்பா" என்று அவரே சொன்னாராம்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை எடுத்தவர் அவர்தான். அதன் பிறகு அவருக்கு மூன்று விருது. எனக்கு ஒரு சைக்கிள்.

இதைவிடப் பெரிய பெயர் நிவேதனுக்குக் கிடைக்காது. அம்மாவிடம் சொன்னேன். எந்த ஜெயசீலன் என்று கேட்டாள். தமிழ்நாட்டில் எத்தனை ஜெயசீலன் நம் வீட்டுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பருப்பு தீய்ந்த வாசனை வருகிறது என்று எழுந்து போனாள். எனக்கு வரவில்லை.

ஜூன் 11, புதன்

மிதுனாவைக் கூட்டிப்போனேன். ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை. சாலிகிராமத்தில் தையல் கடை வைத்திருக்கும் கஸ்தூரியின் மகள். இதுவரை ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் மட்டும் நடித்திருக்கிறாள். உலகத்தில் அவளுக்கு இரண்டு கேள்விகள்தான்: இது எதுக்கு? சாப்பாடு எப்போ?

சார் அவளைப் பார்த்ததும் இவள்தான் என்று முடிவு செய்துவிட்டார். எழுந்துவந்து என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். அறுபது வயதுக்கு நன்றாகத்தான் இருக்கிறார். ஷரத்துகளை வாசித்துக் காட்டினேன். ஏழாவது வந்தபோது அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. வருத்தமாகப் பார்த்தார்.

"நான் அன்னிக்கு உன்ன அழ வச்சதாலதானம்மா நீ இன்னிக்கு ஒரு கம்பெனி வச்சிருக்க."

பிறகு எல்லாப் பக்கத்திலும் ஆட்டோகிராஃப் போடுவதுபோல் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் படிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

யூடியூப் பேட்டிக்கு வீட்டுக்கு வந்தார்கள். அந்தச் சின்ன வயதில் எப்படி அப்படி அழுதீர்கள் என்று கேட்டார்கள். கிளிசரின் என்றேன். எப்போதும் அதையே சொல்கிறேன். ஒரு சொட்டு விட்டால் போதும், யார் வேண்டுமானாலும் அழலாம் என்று விளக்கமும் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து சமையலறையில் அம்மா மிக்ஸியைப் போட்டாள். பேட்டி எடுத்த பெண் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு போய்ப் பார்த்தேன். மிக்ஸி ஜாரில் எதுவும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

படப்பிடிப்பு தொடங்கியது. ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு பங்களா. சகாயமேரி டீச்சர் கேரவனில் மிதுனாவுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். டீச்சர் முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சினிமா பார்ப்பதில்லை. என்னை அடையாளம் தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த ஒரே ஆள். அந்தக் காரணத்துக்காகவே அவரை உடனே எடுத்தேன்.

மணி அடித்ததுபோல் ஐந்து மணி நேரத்தில் மிதுனாவை வீட்டுக்கு அனுப்பினோம். லைட்மேன்கள் எங்களைத் திகிலோடு பார்த்தார்கள். இருபது வருடம் சினிமாவில் இருப்பவர்களுக்குக் குழந்தை தூங்குவதைப் பார்ப்பது புது அனுபவம்.

நிவேதனுக்குப் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி பதில் அனுப்பினார்.

ஜூன் 24, செவ்வாய்

சனிக்கிழமை அழும் காட்சி. தாய் இறந்துகிடக்கிறாள், குழந்தை எழுப்புகிறது. சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு யோசனை வந்திருக்கிறது. அதை விடுவதாக இல்லை.

ஒத்திகையில் மிதுனாவுக்குக் கிளிசரின் போட்டோம். எரிகிறது என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவாக நடிக்கும் நடிகை மூச்சு விடுகிறார் என்று எல்லோருக்கும் காட்டிக்கொடுத்தாள். அந்த நடிகை தம் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் தீவிரமாகச் சொன்னார்.

ஜூன் 28, சனி

வெயில் அதிகம். பதினோரு டேக். பத்தாவது டேக்கில் மிதுனா கொட்டாவி விட்டாள். பதினொன்றில் சாப்பாடு எப்போ என்று கேட்டாள், கேமராவைப் பார்த்து.

நடுவில் நிவேதன் பேசினார். செவ்வாய்க்கிழமை கையெழுத்து. கேக் சொல்லியிருக்கிறார்களாம்.

சார் என்னை மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார். கோபம் இல்லை. குரலை உயர்த்தவில்லை.

"நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீ சொன்னா நம்புவா. எப்படிச் சொல்லணும்னு உனக்குத் தெரியாததா?"

மிதுனாவின் இன்னொரு கவுனில் ஹூக் விட்டுப்போயிருந்தது. அதைத் தைக்கச் சொல்லி கஸ்தூரியைத் துணி வேனுக்கு அனுப்பினேன். டீச்சருக்குத் தலைவலி. டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். மிதுனாவிடம் ஒரு நிமிடம் தனியாகப் பேசினேன்.

பன்னிரண்டாவது டேக் ஓகே. யூனிட்டே கைதட்டியது.

வீட்டுக்கு வந்து வாஷிங் மெஷினில் துணி போட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஒன்றும் இல்லை. அதே துணியை இன்னொரு முறை துவைத்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

கையெழுத்து ஆயிற்று. கேக்கில் என் ஆறு வயது முகம் அச்சடித்திருந்தார்கள், கண்ணீரோடு. நிவேதன் எனக்குக் கன்னம் இருந்த துண்டை வெட்டிக் கொடுத்தார். சாப்பிட்டேன். பைனாப்பிள்.

மேசையில் ஒரு கவர் இருந்தது. சகாயமேரி டீச்சரின் ராஜினாமா. மூன்று வரி. ஓர் எழுத்துப் பிழை இல்லை. "சனிக்கிழமை நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்ன நடந்தது என்பதை ஒரு லைட்மேன் சொன்னார். அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். இனி இருக்க விரும்பவில்லை."

தலைவலி இருப்பவர்களை டீ குடிக்க அனுப்புவதும் குற்றம்தான் போலிருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

கஸ்தூரி போன் செய்தாள். ஐந்து நாளாக மிதுனா அவளை விட்டு நகரவில்லை. பாத்ரூம் கதவைத் தாழ்போட விடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக மறுக்கிறாள். என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்வதில்லை. கஸ்தூரி சற்று அசந்து படுத்தால், வந்து மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கிறாள். ஷூட்டிங்கில் ஏதாவது நடந்ததா மேடம், நீங்கள் கூடவே இருந்தீர்களே என்று கேட்டாள். உங்களை நம்பித்தானே அனுப்பினேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், வசதியாக இருந்திருக்கும்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். என்னை நானே விசாரித்தேன்.

சரி, எழுதிவிடுகிறேன். டைரியில் பொய் எழுதுகிற அளவுக்கு நான் இன்னும் பெரிய தொழிலதிபர் ஆகவில்லை.

மிதுனாவிடம் சொன்னது இது: உங்க அம்மா ரோட்டைத் தாண்டும்போது லாரி அடிச்சிடுச்சு. டீச்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கண்ணத் தொறக்கலையாம்.

யோசித்துச் சொன்னதில்லை. அப்படியே வந்தது. எனக்கு ஆறு வயதில் சொல்லப்பட்டதும் அதுதான், லாரி உட்பட. அன்று கிளிசரின் பாட்டிலை யாரும் திறக்கவே இல்லை. ஷாட் முடிந்ததும் அம்மா முழுசாக வந்து நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவள் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.

காலையில் ஐந்து மணிக்கு நான் போய்ப் பார்ப்பது ஃபேனை அல்ல.

ஜூலை 4, வெள்ளி

சாலிகிராமம் போனேன். தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கஸ்தூரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பிறகு, "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா" என்றாள்.

மிதுனா தாயின் முந்தானைக்குள் இருந்தாள். நான் பொய் சொன்னேன், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது, தப்பு என்னுடையது என்றேன். தயாராக வைத்திருந்த நான்கு வாக்கியமும் தீர்ந்துபோயின.

அவள் முந்தானையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"பொய்."

"இல்ல கண்ணு. நெஜமா இருக்காங்க."

"கூட்டிட்டு வாங்க. பாக்கணும்."

என் வாழ்க்கையில் சந்தித்த முதலீட்டாளர்களில் இவள் ஒருத்திதான் சரியான ஆவணத்தைக் கேட்டவள்.

ஜூலை 5, சனி

அம்மாவை எதற்கு என்று சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றினேன். வடபழனி சிக்னலில் சொன்னேன். இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

கஸ்தூரி வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலிக்காரி. ஷோகேஸைத் துடைக்கக்கூட ஸ்டூல் கேட்பவள். மிதுனா தள்ளி நின்று பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள். ஆள்காட்டி விரலை அம்மாவின் மூக்கடியில் வைத்தாள்.

அம்மா மூச்சை இழுத்து விட்டாள். மிதுனா விரலை எடுக்கவில்லை. இன்னொரு முறை விடச் சொன்னாள். அம்மா விட்டாள். மூன்றாவது முறை மூச்சு சரியாக வரவில்லை. விம்மலாக வந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது அவளே ஆரம்பித்தாள்.

"நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ கத்தறது கேட்டுச்சு. ரெண்டு தடவ வெளிய வரப் பார்த்தேன். ஷாட்டு போயிட்டிருக்குன்னு நிறுத்தினாங்க. நின்னுட்டேன்."

இருபத்திரண்டு வருடம் மிக்ஸிக்குள் போட்டு வைத்திருந்தது அது.

"பிடிச்சு வச்சாங்களா, இல்ல நிறுத்தினாங்களா?" என்று கேட்டேன்.

"கையக் காட்டினாங்க. அவ்வளவுதான்."

பிடித்து வைத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இவ்வளவு நேர்மையான உரையாடல் நடந்து நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். நல்ல வேளை, அடையாளம் தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஜெயசீலன் சாரைப் பார்த்தேன். ஏழாவது ஷரத்துப்படி அந்தக் காட்சியை எடுத்துவிட வேண்டும் என்றேன். எடிட்டிங் அறையில் அதைத்தான் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதுனாவின் முகம் திரை முழுக்க இருந்தது. எவ்வளவு அருமையாக வந்திருக்கிறது பார் என்று என்னிடமே காட்டினார். உண்மையில் அருமையாகத்தான் வந்திருந்தது. அதுதான் கொடுமை.

மீறியது யார், நானா என்று கேட்டார். நான் ஒரு வார்த்தை அந்தக் குழந்தையிடம் பேசவில்லையே என்றார். அதற்கு யூனிட்டே சாட்சி என்றார். எல்லாம் சரி. அவர் கை சுத்தம். மாமரம் சாட்சி சொல்லாது.

ஆனால் ஷரத்தில் 'மீறினால்' என்றுதான் இருக்கிறது. யார் மீறினால் என்று இல்லை. எழுதிய அன்றே வக்கீல் தோழி இது பெரிய ஓட்டை என்று திட்டினாள். நிரப்ப மறந்துபோனேன். என் கவனக்குறைவுக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன்.

சாருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியது. "நீயே போய் உன்ன மாட்டிவிடுவியா? கம்பெனி போயிடும்மா" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

குழந்தைகள் நடிக்க அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனேன். புகார் படிவத்தை நிரப்பினேன். புகார்தாரர் பெயர்: தில்லைநாயகி. எதிர்மனுதாரர் பெயர்: தில்லைநாயகி. அங்கிருந்த ஊழியர் இரண்டில் ஒன்று தப்பு என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டும் சரிதான் என்றேன். அப்படியானால் உறவுமுறை என்ற கட்டத்தை நிரப்புங்கள் என்றார். 'பழக்கம் உண்டு' என்று எழுதினேன்.

வாங்கிக்கொண்டார். அரசாங்கத்துக்குக் கட்டம் நிரம்பியிருந்தால் போதும்.

ஜூலை 24, வியாழன்

நிவேதனிடமிருந்து மின்னஞ்சல். மிகுந்த மரியாதையுடன் விலகிக்கொள்கிறார்கள். அவர்கள் ஒப்பந்தத்திலும் நிறைய ஷரத்துகள் இருந்திருக்கின்றன. நானும் எல்லாப் பக்கத்திலும் ஆட்டோகிராஃப் போட்டிருந்தேன். என் நேர்மை ஒரு கதையாக மிகவும் மதிப்புள்ளது என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.

தயாரிப்பாளர் பயந்துவிட்டார். காட்சியை நீக்கிவிட்டார்கள். படத்தில் இப்போது குழந்தை கதவருகே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்குமாம். அதையும் மிதுனாவை வைத்து எடுக்கவில்லை.

ஈரத் துணி மூன்று நாளாக மெஷினிலேயே கிடந்திருக்கிறது. வீடே நாறுகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

விசாரணை முடிந்தது. ஒரு வருடத்துக்கு மொட்டு எந்தக் குழந்தையையும் எங்கும் அனுப்பக் கூடாது. அதன் பிறகு கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மிதுனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். வாரம் ஒருமுறை மனநல டாக்டரிடம் போகிறாள். தாழ்ப்பாள் இன்னும் போட விடுவதில்லையாம். கஸ்தூரி அலுவலக வாசலில் என்னைப் பார்த்தாள். விலகி நடந்தாள். பேச வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை.

அம்மா என்னுடன் வந்திருந்தாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். கதவுக்கு வெளியே பெஞ்சு இருந்தது. அதில் உட்காராமல் என்னோடு உள்ளே வந்து நின்றாள்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண். என் புகாரை வாசித்தார். என்ன சொன்னேன், எப்போது சொன்னேன், யார் யாரை எங்கே அனுப்பிவிட்டுச் சொன்னேன் என்று நான் விவரமாக எழுதியிருந்ததில் அவருக்குக் கேள்வி எதுவும் இல்லை. அடுத்து ஒரு தாளை எடுத்தார். டாக்டரை வைத்துக்கொண்டு மிதுனாவிடம் வாங்கிய வாக்குமூலம். அதை வாசித்துக் காட்ட வேண்டும், எனக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்ல வேண்டும், இதுதான் நடைமுறை என்றார். குழந்தை சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

"அந்த அக்கா வந்து அம்மாவ லாரி அடிச்சிடுச்சுன்னு சொன்னாங்க. நான் மொதல்ல நம்பல. வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். ஆனா அக்கா தேம்பித் தேம்பி அழுதாங்க. கீழ ஒக்காந்துட்டாங்க. அதப் பாத்துதான் எனக்கு பயம் வந்துச்சு. நான் அக்கா கண்ணத் தொடச்சு விட்டேன். அப்புறம்தான் எனக்கும் அழுக வந்துச்சு."

அதிகாரி தாளிலிருந்து நிமிர்ந்தார். என் புகாரில் இது இல்லையே என்றார். நடந்ததா என்று கேட்டார்.

பின்னால் அம்மா நிற்பது எனக்குத் தெரிந்தது. சொல்வதற்குப் பொருத்தமாக ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். எப்போதும் வரும். இன்று வரவில்லை.

"நடந்தது" என்றேன்.

அவர் தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். இந்த முறை முழுவதையும் படித்துவிட்டுப் போட்டேன்.